வாசகர் கேள்விகள்: எழுபது சதவீத ஒற்றுமையை நம்பலாமா?

கேள்வி: இரண்டு பாக்டீரியாக்களின் வளர்சிதைமாற்ற வலையமைப்பை, அதாவது செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் முழுத் தொகுப்பை, தரவுத்தளத்திலிருந்து இறக்கி, பொதுவான வேதிவினைகளை எண்ணிப் பார்த்தேன். எழுபது சதவீதம் ஒத்துப்போகிறது. இதை முடிவாக எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் வேலை இருக்கிறது. நீங்கள் போட்டது ஜக்கார்ட் குறியீடு, அதாவது இரண்டிலும் இருக்கும் வினைகளை, ஏதாவது ஒன்றிலாவது இருக்கும் மொத்த வினைகளால் வகுப்பது. கணக்கில் தப்பில்லை. ஆனால் சர்க்கரையை உடைப்பது, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான நியூக்ளியோடைடு தயாரிப்பது மாதிரியான அடிப்படை வேலைகள் பெரும்பாலான பாக்டீரியாக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அந்த எண் தானாகவே ஏறிவிடும். சுவாரசியமெல்லாம் ஒத்துப்போகாத மிச்சத்தில்தான் இருக்கிறது. ஐசோபிரினாய்டுகள் என்ற சேர்மக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடல் அவற்றை மெவலோனேட் பாதையில் தயாரிக்கிறது, மலேரியா ஒட்டுண்ணியும் பல பாக்டீரியாக்களும் எம்இபி என்ற வேறு பாதையில் தயாரிக்கின்றன, இரண்டும் வந்து சேருவது ஒரே சேர்மத்தில். மொத்தக் கணக்கில் இது சில வினைகளின் வித்தியாசம், கண்ணிலேயே படாது. ஆனால் ஃபாஸ்மிடோமைசின் என்ற மருந்து அடிப்பது அந்த எம்இபி பாதையைத்தான். அதனால் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேறுபடும் வினைகளைப் பாதைவாரியாகப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது 'இல்லை' என்று வந்திருக்கும் வினைகளைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் மரபணு வரிசையிலிருந்து ஊகித்துத்தான் இந்த வலைகளைக் கட்டுகிறார்கள், மரபணு அடையாளம் தெரியாமல் போனால் வினையும் காணாமல் போகும். வரிசையில் கொஞ்சமும் ஒத்துப்போகாத இரண்டு புரதங்கள் ஒரே வினையைச் செய்வதும் உண்டு. விலங்குகளின் ஆல்டோலேஸ் நொதியும் பல பாக்டீரியாக்களின் ஆல்டோலேஸும் வரிசையிலும் வேலை செய்யும் விதத்திலும் வெவ்வேறு, பின்னதற்கு உலோக அயனி வேண்டும், ஆனாலும் இரண்டுக்கும் நொதி எண் (எந்த வினையைச் செய்கிறது என்பதை வைத்துத் தரும் எண்) 4.1.2.13 தான். ஆகவே வரிசை ஒற்றுமையை மட்டும் நம்பாமல் இந்த நொதி எண்ணை வைத்துப் பொருத்துங்கள். இன்னொன்று, இரண்டு வலையும் ஒரே முறையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு 2017-இல் வெளியான ஐஎம்எல்1515 என்ற கணினி மாதிரி, பல பதிப்புகளாகக் கையால் சரிபார்த்து வளர்ந்தது. அதைத் தானியங்கி மென்பொருள் கக்கிய வலையோடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது உயிரிகளின் வித்தியாசத்தை அல்ல, உழைப்பின் வித்தியாசத்தை.

கேள்வி: சேர்மங்களைக் கணுக்களாகவும் வினைகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வைத்து வலையை வரைபடமாக்கிக் குறுகிய பாதைகளின் நீளத்தை ஒப்பிடலாமா? எல்லா உயிரிகளிலும் நாலைந்து தாவலில் எங்கும் போய்விடலாம் போலிருக்கிறதே?

பதில்: அந்தத் தாவல்களில் பாதி, எக்கச்சக்கமான வினைகளில் கலந்துகொள்ளும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வழியாகவோ தண்ணீர் வழியாகவோ போயிருக்கும், பாருங்கள். 2000-இல் ஜியோங், பராபாசி என்ற வலையமைப்பு ஆய்வாளர்களின் குழுவினர் 43 உயிரிகளின் வலைகளை ஒப்பிட்டு, எல்லாமே சில கணுக்களில் மட்டும் ஏராளமான இணைப்புகள் குவிந்த ஒரே மாதிரி அமைப்பு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பெரிய தாக்கம் ஏற்படுத்திய கட்டுரை. ஆனால் ஏடிபியைக் கணுவாக வைத்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சேர்மங்கள் பக்கத்து வீடாகிவிடும். குளுக்கோஸின் கார்பன் அணு நிஜமாக எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. 2004-இல் மசனோரி அரிட்டா என்ற ஆய்வாளர் அப்படி அணுக்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஈகோலையின் வலை அவ்வளவு சுருக்கமானதாக இல்லை. ஏடிபியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதும் சரியில்லை, நியூக்ளியோடைடு தயாரிப்பில் அதுவே முக்கியப் பொருள். முடிந்தால் எந்த அணு எந்தச் சேர்மத்துக்குப் போகிறது என்ற அணுப் பொருத்தத்தோடு வரையுங்கள், முடியாவிட்டால் எதை எந்த வினையில் நீக்கினீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்போ ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ்?

பதில்: வலையின் ஒவ்வொரு வினையிலும் எவ்வளவு ஓட்டம் இருந்தால் செல் வளரும் என்று கணினியில் கணக்கிடும் முறைதானே. 'எந்த உயிரியால் என்ன முடியும்' என்பது உங்கள் கேள்வியானால், என் முதல் தேர்வே அதுதான். இரண்டு கணினி மாதிரிகளுக்கும் ஒரே வளர்ப்பு ஊடகத்தை (ஒரே சத்துப் பொருட்களை) கொடுத்து, மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, எது இல்லாவிட்டால் வளர்ச்சி நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். தனித்தனி வினைகளின் ஓட்ட மதிப்புகளை நேருக்கு நேர் வைக்காதீர்கள், ஒரே வளர்ச்சி வேகத்துக்குப் பல விடைகள் உண்டு, மென்பொருள் அதில் ஏதோ ஒன்றைத்தான் தரும். ஒவ்வொரு வினையும் எந்த வரம்புக்குள் மாறலாம் என்பதைக் கணக்கிட்டு அந்த வரம்புகளை ஒப்பிடலாம். அப்புறம், தொடங்கும் முன்பே உயிர்த்திரள் சமன்பாட்டை, அதாவது செல் வளர எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலை, திறந்து பாருங்கள். தானியங்கி மாதிரிகள் பலவற்றில் அது ஈகோலையிலிருந்தோ பொதுவான ஒரு வார்ப்பிலிருந்தோ அப்படியே எடுத்துப் போடப்பட்டிருக்கும், அப்படியானால் இரண்டும் ஒரே பொருட்களைத் தயாரிக்கத் துடிப்பதாக நீங்கள் காண்பது நீங்களே உள்ளே வைத்த ஒற்றுமை.