கட்டுக்கம்பியில் வளையக் கவசம் செய்யலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் நண்பர்கள் சேர்ந்து இடைக்காலப் போர்க்காட்சி ஒன்றை நிகழ்த்தவிருக்கிறோம். கட்டுக்கம்பியில் வளையக் கவசம் (சிறு வளையங்களைக் கோத்துச் செய்யும் போர்ச்சட்டை) பின்னினால் போதுமா?

பார்வைக்குப் போதும், அடி தாங்கப் போதாது. கட்டுக்கம்பி எளிதில் முறுக்க வரவேண்டும் என்பதற்காகவே மென்மையாக்கப்பட்டது என்பதால், முனைகளை வெறுமனே சேர்த்து மூடிய வளையம் ஓங்கிய ஒரு குத்திலேயே வாய் பிளந்துவிடும். ஐரோப்பாவின் பழைய கவசங்களில், கம்பியைத் தண்டில் சுருளாகச் சுற்றி வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துத் தட்டையாக்கி, துளையிட்டு, பொடி ஆணி அறைந்து இறுக்கினார்கள்; பொதுவாக ஒரு வளையம் நான்கு வளையங்களைக் கோத்திருக்கும். முழுச் சட்டைக்கு ஆயிரக்கணக்கில் வளையங்கள் வேண்டும், எடையும் ஏறத்தாழ 10 கிலோ வரும். இடுப்பில் வார் இறுக்கினால் தோள்பாரம் சற்றுக் குறையும்.

வெட்டைத் தடுக்கும் இக்கவசம் அடியின் வேகத்தைத் தடுக்காது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த சட்டை இல்லையென்றால், மழுங்கிய வாள்கூட எலும்பை முறிக்கலாம். துத்தநாகம் பூசிய கம்பியாக இருந்தால் நெருப்பில் காய்ச்ச வேண்டாம். அந்தப் புகை நச்சு.

நீங்கள் காட்டப்போவது நம் வட்டார வீரரை என்றால் (எனக்கு அதுவே விருப்பம்), தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களை முதலில் பாருங்கள். இப்பகுதியின் பல நடுகற்களில், ஆநிரைப் பூசலில், அதாவது மாடுகளுக்கான சண்டையில், இறந்த வீரர் வில்லும் வாளும் ஏந்தி, உடலில் அம்பு தைத்தபடி நிற்கிறார்; அந்த உருவத்துக்கு இரும்புச் சட்டை பொருந்தாது.