எதிர் இருக்கையின் தலைக்கு மேலே

அன்புள்ள ஐயா,

மூன்று வாரமாக நான் ஏறும் ரயில்பெட்டியில் ஒரு விளம்பரம். மஞ்சள் தாள், நடுவில் 'அவனிடம் சொல்லிவிட்டீர்களா?' என்று ஒரே வரி. எந்த நிறுவனம், எதை விற்கிறார்கள், ஒன்றுமில்லை. தொலைபேசி எண்கூட இல்லை. எதிரே உட்கார்ந்துவிட்டால் வேறு எதிலும் மனம் போவதில்லை. எனக்குத்தான் புரியவில்லையா, எழுதியவருக்கே புரியவில்லையா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே காசு கொடுத்து ஒட்டியிருப்பார்கள். 'டீசர்' என்பார்கள், பழைய வித்தை. 1913இல் அறிமுகமான கேமல் சிகரெட்டுக்கு, என்ன பொருள் என்றே சொல்லாமல் 'ஒட்டகங்கள் வருகின்றன' என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் முன்கூட்டியே விளம்பரம் செய்தார்கள். சிகரெட் பிறகுதான் வந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'எதிரே உட்கார்ந்துவிட்டால்' என்ற இடம். சாலையோரப் பலகையைக் கார் ஓட்டுபவர் சில நொடிகளில் தாண்டிவிடுவார். அவருக்குப் புதிர் போட்டுப் பயனில்லை. ரயிலில் நாம் எங்கே போவது? எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகமில்லை. கண் மெல்ல அவர் தலைக்கு மேலே ஏறும். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நம்முடைய அந்தக் கூச்சத்துக்குத்தான் விளம்பரதாரர் வாடகை கட்டுகிறார். (கைபேசி வந்த பிறகு கண்ணுக்கு வேறு போக்கிடம் கிடைத்துவிட்டது. உங்களிடம் இன்னும் தலை நிமிரும் பழக்கம் இருக்கிறது போலும்.)

இன்னொன்றும் உண்டு: அந்த வரி உங்களுக்கு எழுதப்படாததாக இருக்கலாம். 2004இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சதுக்கச் சுரங்க ரயில் நிலையத்தில் சில பதாகைகள் தொங்கின. கணிதத்தில் 2.718 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் மாறிலி இருக்கிறதல்லவா, 'அதன் இலக்கங்களில் முதலாவதாக வரும் பத்திலக்கப் பகா எண்' என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் 'டாட் காம்'. அவ்வளவுதான். போட்டது யார் என்ற விவரமே கிடையாது. விடை 7427466391. அந்த முகவரிக்குப் போனவர்களுக்கு இன்னொரு கணக்கு காத்திருந்தது. அதையும் போட்டு முடித்தபோதுதான் கூகுள் ஆள் தேடுகிறது என்று தெரிந்தது. தினமும் அதைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது கிறுக்கல். எங்கோ நாலு பேருக்கு மட்டும் அழைப்புக் கடிதம். மற்றவர்களின் தலைகளைத் தாண்டிச் சிலரோடு மட்டும் பேசுவதில் எனக்கு லேசான எரிச்சல் உண்டு என்றாலும், கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இது எதுவும் இல்லாமல், வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். முதல் தாளை ஒட்டியிருப்பார்கள், விடையுள்ள இரண்டாம் தாளுக்குப் பணம் இருந்திருக்காது. நான் போய்வந்த பஸ்ஸில் 'நாளை முதல்!' என்று ஒரு விளம்பரம் எட்டு மாதம் இருந்தது. காலையிலும் நாளை முதல், மாலையிலும் நாளை முதல். ஒரு நாள் அதன் மேல் பற்பசை விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. பெயர், படம், விலை எல்லாம் தெளிவாக. எனக்கு என்னவோ அன்று கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

உங்கள் மஞ்சள் தாள் ஆயுள் காப்பீடு என்பது என் ஊகம். தாள் மாறினால் ஒரு வரி எழுதுங்கள்.