செல் பிரியும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி: சார், மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும், அனாஃபேஸில் பிரியும் என்று பாடத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது. நேரம் வந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் விஷயமே இருக்கிறது தம்பி. 'பொறு' என்று ஒரு குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்தால்தான் செல் பிரியும். நகலெடுக்கப்பட்ட ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டையாக நிற்கும். செல்லின் இரு பக்கத்திலிருந்தும் குரோமோசோமை இழுக்கும் ஸ்பிண்டில் இழை வந்து பிடிக்கும் இடத்துக்குக் கைனெட்டோகோர் என்று பெயர், இரட்டையில் ஆளுக்கு ஒன்று. இழை பிடிக்காத கைனெட்டோகோரில் மேட்2 போன்ற புரதங்கள் சேர்ந்து, அங்கிருந்து தடுப்புச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். மனித செல்லில் 46 குரோமோசோம், 92 கைனெட்டோகோர். 91 பிடிபட்டு ஒன்றே ஒன்று பாக்கி என்றாலும் செல் பெரும்பாலும் காத்திருக்கும்.

கேள்வி: ஒன்றே ஒன்று தடுக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சோதனைகள் இவை. 1995இல் ரீடர் என்ற விஞ்ஞானியின் குழுவினர், இழை பிடிக்காமல் மிச்சமிருந்த கடைசிக் கைனெட்டோகோரை லேசரால் சுட்டு அழித்தார்கள். குரோமோசோம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் செல் அனாஃபேஸுக்குப் போய்விட்டது. அப்படியென்றால் தடுத்தது அந்தக் கைனெட்டோகோர்தான்.

அதே ஆண்டு லீ, நிக்லஸ் என்ற விஞ்ஞானிகள் இருவரும் கும்பிடு பூச்சியின் விந்து உருவாக்கும் செல்லில் வேறு விதமாகப் பார்த்தார்கள். அங்கே ஜோடி சேராத ஓர் எக்ஸ் குரோமோசோம் ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு நின்றால், செல் மணிக்கணக்கில் பிரியாமல் நிற்கும். மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்தக் குரோமோசோமை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். செல் பிரிந்தது! ஆக, இழை தொட்டால் மட்டும் போதாது, இரு பக்கமும் இழுபட்டு விறைப்பாக இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது.

கேள்வி: இரண்டு கைனெட்டோகோரையும் ஒரே பக்கத்து இழைகள் பிடித்துவிட்டால்?

பதில்: அடிக்கடி நடப்பதுதான். விறைப்பு இல்லாத பிடியை அரோரா பி என்ற நொதி தளர்த்திவிடும், பிறகு இழைகள் புதிதாகப் பிடிக்கும்.

கேள்வி: தடை நீங்கியதும் எல்லாக் குரோமோசோமும் ஒரே நேரத்தில் பிரிவது எப்படி?

பதில்: இரட்டைகளைக் கோஹெசின் என்ற புரத வளையம் கட்டிவைத்திருக்கிறது. அதை வெட்டும் கத்திரி செப்பரேஸ். கத்திரியின் வாயைச் செக்யூரின் அடைத்து வைத்திருக்கும். தடை போனதும் ஏபிசி என்ற புரதக் கூட்டம் செக்யூரினுக்கு அழிவு முத்திரை குத்துகிறது. செல்லைப் பிரியும் நிலையிலேயே வைத்திருக்கும் சைக்ளின் பி என்ற புரதத்துக்கும் அதே கதிதான். அது போனால்தான் செல் மைட்டாசிஸை, அதாவது இந்தப் பிரிவை, முடித்து வெளியே வர முடியும். செக்யூரின் அழிந்ததும் கத்திரி வேலையைத் தொடங்கும், வெட்டிய வளையம் மீண்டும் ஒட்டாது. செல் இவ்வளவு நேரம் பொறுப்பது அதற்காகத்தான். படங்களில் குரோமோசோம் எக்ஸ் வடிவில் தெரிகிறதே, அதற்கும் இதுதான் காரணம்: குரோமோசோமின் கைகளில் இருந்த வளையங்கள் பெரும்பாலும் முன்பே கழன்றுவிடும், இரட்டைகள் சேர்ந்திருக்கும் இடுப்பான சென்ட்ரோமியரில் இருப்பதை ஷுகோஷின் என்ற புரதம் காத்து நிற்கும்.

கேள்வி: புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் இதில்தான் கைவைக்கிறதா?

பதில்: ஆமாம். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த மருந்து அது. ஸ்பிண்டில் இழைகள் உருவாகவே விடாது. கைனெட்டோகோர்கள் காலியாக நிற்க, தடைக்குரல் ஓயாமல், செல் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு வயது 39. தாயின் வயது கூடினால் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடும் என்கிறார்கள். நான் ஏதாவது தவறு செய்ததாலா?

பதில்: இல்லை அம்மா, நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணம் இல்லை. பெண்ணின் முட்டைச் செல்கள் அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. கோஹெசின் வளையங்கள் அப்போதே மாட்டப்பட்டவை. பின்னால் புதிதாக மாட்டப்படுவதாக எலிகளில் நடந்த சோதனைகளில் தெரியவில்லை. நாற்பது வருடம் தாங்கிய வளையம் தளரும்போது, 21ஆம் குரோமோசோம் சில சமயம் சரியாகப் பங்கு பிரியாமல் ஒரே முட்டைக்குள் இரண்டாகத் தங்கிவிடுகிறது. தந்தையிடமிருந்து வருவதும் சேர்ந்து குழந்தைக்கு அது மூன்றாகிவிடும், அதுதான் டவுன் சிண்ட்ரோம். கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.