போர் ஓய்ந்தபின் அண்டை நாடுகளுக்கிடையே வணிகம் தழைக்குமா?

தழைக்கும், ஆனால் சுங்கவரியைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. 2008 அக்டோபரில் காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி இந்தியாவும் பாகிஸ்தானும் வணிகம் தொடங்கின. 21 வகைப் பொருள்கள், வரியே கிடையாது. ஆனால் வங்கி வழியாகப் பணம் செலுத்த வழியில்லை. எனவே பழைய காலத்துப் பண்டமாற்றுதான்! லாரி கோட்டைத் தாண்டியதும் அருகிலிருந்த வணிக மையத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஊருக்குள் போக முடியாது. இப்படி நொண்டியடித்தும் அது பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது என்பதே எனக்கு வியப்பு. புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவிட்டது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. உலகப் போர் முடிந்த ஆறே ஆண்டுகளில், 1951இல், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆணையத்தின்கீழ் கொண்டுவர ஒப்பந்தம் செய்தன. பீரங்கி செய்யத் தேவையான பொருள்களே பொதுவாகிவிட்டன. ஒரு நாடு நினைத்த மாத்திரத்தில் கதவைச் சாத்திவிட முடியாது.

ஆகவே, தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைப் பார்த்து முதலீடு செய்யாதீர்கள். சரக்குக்குப் பணம் தருவதாக எதிர்நாட்டு வங்கி எழுதித்தரும் உறுதிக் கடிதத்தை உங்கள் வங்கி ஏற்கிறதா, சரக்குக்குக் காப்பீடு கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.