பள்ளிச் சீருடையில் ஃபெவிக்விக் கொட்டிவிட்டது, கறையை எடுக்க முடியுமா?

பெரும்பாலும் எடுத்துவிடலாம். சோப்பு போட்டுத் தேய்த்து மட்டும் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஈரம் பட்டால் இறுகுவதுதான் ஃபெவிக்விக்கின் குணம். அதைக் கரைப்பது அசிட்டோன்.

நெயில் பாலிஷ் ரிமூவரில் அது இருக்கும். ஆனால் அசிட்டோன் இல்லாத ரிமூவரும் கடையில் கிடைக்கிறது, அது இந்த வேலைக்குச் சரிவராது. லேபிளைப் படித்து வாங்குங்கள். முதலில் சட்டையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பாருங்கள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த சீருடைத் துணி பொதுவாகத் தாங்கும். அசிடேட் இழையில் நெய்த பளபளப்பான லைனிங் துணி என்றால் துணியே கரைந்து ஓட்டை விழுந்துவிடும், அதில் தொடவே கூடாது.

கறைக்கு அடியில் பழைய துணி ஒன்றை மடித்து வையுங்கள். பஞ்சை அசிட்டோனில் நனைத்துக் கறைமேல் அழுத்தி வைத்து, காயக் காய மறுபடி நனையுங்கள். கண்ணாடிச் சில்லு போல விறைத்திருந்த பசை கொஞ்ச நேரத்தில் வெளுத்து, ஓரத்தில் கொழகொழவென்று இளகும். அப்போது பழைய ஸ்பூன் விளிம்பால் வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டுங்கள். தடிமனான கறை ஒரே தடவையில் போகாது, பொறுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது, அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

ப்ராஜெக்ட் வேலை நடக்கும் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: ஃபெவிக்விக் பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறும், புகைகூட வரும், தோலும் பொசுங்கும். பிள்ளையின் உடம்பில் சட்டை இருக்கும்போது கொட்டினால், தோலில் ஒட்டாத பட்சத்தில் உடனே கழற்றிவிடுங்கள். ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காமல் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளை ஃபெவிகால் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் வந்துவிடும். ஸ்டிக்கர் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் அந்த எண்ணெயை எடுங்கள். பட்டுப்புடவையில் பட்டால் வீட்டில் எதையும் முயலாமல் ட்ரை கிளீனிங்கில் கொடுங்கள், என்ன பசை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

எந்தப் பசையானாலும் கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சீருடையை அலசி நிழலில் காயப்போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விறைப்பு மிச்சமிருந்தால் இன்னொரு தடவை அசிட்டோன் வைக்கலாம்.