அணுசக்திக்குச் சட்டம் எதற்கு? கேள்வி பதில்

அணுவை மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்துவதில் சட்டத்தின் பங்கு பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அணு உலை எஞ்சினியர்களின் சமாச்சாரம். இதில் வக்கீலுக்கு என்ன வேலை சார்?

உலைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே வேலை இருக்கிறது. 1950களில் அமெரிக்கத் தனியார் கம்பெனிகள் உலை கட்டத் தயங்கின. தொழில்நுட்பம் கைக்கு வந்துகொண்டிருந்தது, அரசும் வா வா என்றது. ஆனால் பெரிய விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது? இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தும் 6 கோடி டாலருக்கு மேல் ஏற்கத் தயாராக இல்லை. 1957இல் பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் வந்து, அதற்கு மேல் 50 கோடி டாலர் வரை அரசு ஈடுகட்டும், அத்தோடு பொறுப்பு முடிந்தது என்று எல்லை போட்டது. அப்புறம்தான் தயக்கம் தீர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழப்பீட்டுக்கான பாரிஸ் உடன்படிக்கை 1960இலேயே வந்துவிட்டது. அணுமின் நிலையப் பாதுகாப்புக்கென்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1994இல்தான் வந்தது, அதுவும் 1986இல் சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு. பணக் கணக்குக்கு இருந்த அவசரம் பாதுகாப்புக்கு இல்லை.

விபத்துக்கு உலையை நடத்தும் நிறுவனம் மட்டுமே பொறுப்பாமே? கருவி விற்றவர் தப்பிப்பது அநியாயம் இல்லையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். முதலில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பாருங்கள். வால்வு செய்தவர், வடிவமைத்தவர், பராமரித்தவர் என்று பத்துப் பேர் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் வழக்கு தலைமுறை தாண்டும். அதனால் சட்டம் ஒரே ஒருவரைப் பிடிக்கிறது. அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். கதிர்வீச்சால்தான் பாதிப்பு என்று காட்டினால் போதும்.

2011இல் சுனாமியால் விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் இதன் இரண்டு முகமும் தெரிந்தது. ஜப்பானின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பே கிடையாது. அசாதாரண இயற்கைப் பேரழிவுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் அந்த விலக்கு டெப்கோவுக்குக் கிடைக்கவில்லை. உலை தயாரித்த கம்பெனிகள் மீது பலர் சேர்ந்து போட்ட வழக்கோ 2016இல் டோக்கியோ நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

என் கருத்து: மக்களுக்கு ஒரே கதவு இருப்பது சரி. ஆனால் குறையுள்ள பாகத்தை விற்றவரிடம், பணம் கட்டிய நிறுவனம் பிறகு வசூலிக்க வழி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே செய்திருந்தாலோ மட்டும்தான் சர்வதேச உடன்படிக்கைகள் அதை அனுமதிக்கின்றன. எந்த சப்ளையர் தானாக எழுதித் தருவார்?

ஆயுதம் செய்யமாட்டேன் என்று ஒரு நாடு கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. 1970இல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு அமைதிப் பயன்பாட்டை உரிமையாகத் தருகிறது. 3ஆம் பிரிவு, ஆயுதம் இல்லாத நாடுகள் வெளி ஆய்வாளர்களின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் எரிபொருளை எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள், சீல் வைப்பார்கள், கேமரா மாட்டுவார்கள். 8 கிலோ புளூட்டோனியம் கணக்கில் இடித்தால் விவகாரம் பெரிது. ஒரு குண்டுக்கு அது போதும் என்பது முகமையின் அளவுகோல். நாடு தானாகக் காட்டிய இடங்களையே பார்த்துக்கொண்டிருந்ததன் ஓட்டை, 1991இல் ஈராக்கின் ரகசிய ஆயுதத் திட்டம் வெளிவந்தபோது அம்பலமானது. 1997இன் கூடுதல் நெறிமுறை அதை அடைக்க வந்ததுதான்.

நான் ரேடியோதெரபி படிக்கிறேன் சார். உலையே இல்லாத எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

கட்டாயம் உண்டு. பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் 1985 கடைசியில் இடம் மாறியபோது, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனது. லைசென்ஸ் விதிப்படி அதிகாரிகளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. 1987 செப்டம்பரில் இருவர் அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே இருந்த பொருள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினர்களுக்கெல்லாம் பங்கு போனது. 4 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. உங்கள் துறையில் பதிவேடு எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் அதை விட்டால் நடப்பது இது.

பக்கத்து நாட்டில் விபத்து நடந்தால் நமக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

1986 வரை அப்படி ஒரு பொது உடன்படிக்கை கிடையாது. செர்னோபில் செய்தி மேற்கு நாடுகளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் கதிரியக்கம் பட்டு அலாரம் அடித்தது! அதே ஆண்டு செப்டம்பரில், விபத்தை விரைந்து அறிவிப்பதற்கான உடன்படிக்கை தயார். அதில் சேர்ந்த நாடு இப்போது உடனே தெரிவிக்க வேண்டும்.

விபத்தின் கதிர்வீச்சால் புற்றுநோய் 20 வருடம் கழித்து வந்தால் இழப்பீடு கேட்கலாமா?

எந்த உடன்படிக்கை என்பதைப் பொறுத்தது. இழப்பீட்டுக்கான 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் பொதுவாக 10 வருடம்தான். 1997இன் திருத்தம் உயிரிழப்புக்கும் உடல் பாதிப்புக்கும் அதை 30 ஆக்கியது. பழையதை மட்டும் ஏற்ற நாடுகளுக்குப் பழைய கணக்கே, அதனால் முதலில் அந்த நாடு எதில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.