சன்ரூஃப் வேண்டாம், பின்கண்ணாடிக்கு வைப்பர் கொடுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, குன்னூரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, பழைய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு சின்ன எஸ்.யு.வி. ஒன்று வாங்கலாம் என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறேன். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. கம்பெனிக்காரர்கள் உங்களிடம் வந்து என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: நிறையச் சொல்வேன் அண்ணா. முதலில் கண்ணுக்கு வழி விடச் சொல்வேன்.

நான் இடது சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவள். ஓட்டுபவரின் பார்வை எங்கே போகிறது என்று கவனிப்பதுதான் என் வேலையில் பாதி. வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, புதிதாக ஓட்டுபவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கழுத்தை ஸ்டியரிங் மேல் நீட்டி, முன்கண்ணாடியின் வலது ஓரத் தூணைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். தூண் அவ்வளவு தடிமன். அதன் காலடியிலேயே பெரிய சைடு மிரர் வேறு. இரண்டும் சேர்ந்தால், மேலே இருந்து இறங்கி வரும் ஒரு பைக்கே ஆளோடு மறைந்துவிடும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கத்தான் தூணைப் பலமாகச் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிரரைத் தூணின் மூலையில் ஒட்டாமல் கொஞ்சம் கீழே, கதவின் மேல் பொருத்தினால் நடுவில் ஒரு சந்து கிடைக்கும். அந்தச் சந்து வழியாகத்தான் எதிரே வருபவன் தெரிவான். சில வண்டிகளில் அப்படிப் பொருத்தியிருக்கிறார்கள். எல்லாரும் செய்யட்டும். அப்படியே டிரைவர் சீட்டை ஏற்றி இறக்கும் வசதியைப் பேஸ் மாடலிலேயே கொடுக்கட்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் பாதிப் பேர் தலையணை கொண்டு வருகிறார்கள். பானெட் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுப்புச் சுவர் ஓரமாக வண்டியை எப்படித் திருப்புவது?

அடுத்தது வெளிச்சம். ராத்திரி வளைவில் திரும்பும்போது ஹெட்லைட் நேராகப் பள்ளத்தாக்கைக் காட்டும். நாம் போக வேண்டிய ரோடு பக்கவாட்டில் இருட்டாகக் கிடக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தப் பக்கம் எரியும் விளக்கு இப்போது சில வண்டிகளில் வருகிறது. அது அவ்வளவு நல்ல விஷயம், ஆனால் விலை கூடிய மாடலில் மட்டும்தான் தருகிறார்கள். பம்பருக்குக் கீழே வரும் ஃபாக் லேம்பைப் பல மாடல்களில் எடுத்தே விட்டார்கள். மேகம் ரோட்டில் இறங்கிவிட்டால் மேலே இருக்கும் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக, அகலமாக விழும் வெளிச்சம் இருந்தால்தான் ரோட்டோரத்து வெள்ளைக் கோடாவது தெரியும்.

பின்கண்ணாடி வைப்பரும், பனியை நீக்கும் சூட்டுக் கம்பியும் அதே கதைதான். எஸ்.யு.வி.யின் பின்பக்கம் செங்குத்தாக இருப்பதால் சக்கரம் கிளப்பும் சேற்றுத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். ஐப்பசி மழையில், மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கும் பர்லியார் தாண்டுவதற்குள் பின்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் வைப்பர் வேண்டும் என்றால் எந்த மாடலுக்குப் போக வேண்டியிருக்கிறது பாருங்கள்: அதோடு சன்ரூஃப், பெரிய தொடுதிரை, கலர் கலராக எரியும் விளக்கு எல்லாம் சேர்த்துத்தான் வாங்க முடியும். எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். பார்ப்பதற்கும் நிறுத்துவதற்கும் உதவுகிற பொருளை அலங்காரத்தோடு கட்டி விற்கக் கூடாது. ஆறு ஏர்பேக்கும் வழுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.சி.யும் பல கம்பெனிகளில் பேஸ் மாடலுக்கே வந்துவிட்டன. 2023-ல் பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனை தொடங்கிய பிறகு நட்சத்திரம் கேட்டு வாங்க நம் ஜனங்களும் பழகிவிட்டார்கள். வைப்பரையும் ஃபாக் லேம்பையும் அதே மாதிரிக் கேட்டால் வரும்.

ஏ.சி., ஹீட்டர் திருகுகளைத் திரைக்குள் கொண்டுபோய் வைப்பதை நிறுத்த வேண்டும். மழையில் நாலு பேர் ஏறினால் ஒரு நிமிஷத்தில் உள்பக்கம் ஆவி படியும். அந்த நேரத்தில் வளைவில் ஒரு கையால் திரையில் தேடிக்கொண்டிருக்க முடியாது. கை தானாகப் போய்த் திருகும் இடத்தில் குமிழ் இருக்க வேண்டும்.

அப்புறம் அகலம். 2006-லிருந்தே 4 மீட்டருக்குள் இருக்கும் சின்ன வண்டிக்கு வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. சட்டம் நீளத்தை அளக்கிறது, அகலத்தை அளப்பதில்லை, அதனால் வண்டிகள் பக்கவாட்டில் வளர்ந்துவிட்டன. டாடா நெக்ஸான் 1,804 மி.மீ., மாருதி பிரெஸ்ஸா 1,790 மி.மீ. அகலம், மிரர் தனிக் கணக்கு. நீளம் குறைவாக இருப்பது வளைவுக்கும் குன்னூர் பெட்ஃபோர்டில் பார்க்கிங் தேடுவதற்கும் நமக்கு வரம்தான். ஆனால் உங்கள் ஹட்டிக்கு, அதாவது கிராமத்துக்கு, போகும் ரோட்டில் தேயிலை லாரி எதிரே வந்தால் ஒவ்வொரு விரற்கடையும் கணக்கு. டேப் கொண்டுபோய் அளந்துவிட்டே புக் பண்ணுங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, 200 மி.மீ. என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுச் சரிவில் இறங்கும்போது முதலில் தட்டுவது முன்பம்பரின் கீழ் விளிம்பு. அந்த அளவை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

டெஸ்ட் டிரைவுக்குக் கோயம்புத்தூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். குடும்பத்தோடு நாலு பேர் ஏறி, ஒரு வளைவிலாவது ஏறி இறங்கிப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு முழங்கால் வலி. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்கிறான் மகன். மலைக்குச் சரிப்படுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உதகை

பதில்: சரிப்படும் டீச்சர், ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது. விலை குறைந்த ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை நம் காலுக்குப் பதில் மோட்டார் அமுக்குகிறது. சரியாக வளைவின் நடுவில் கியரை மாற்றி ஒரு நொடி இழுவையை விட்டுவிடும். மேனுவல் மோடில் போட்டு, வளைவுக்கு முன்பே கியரை இறக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. உலர் கிளட்ச் வைத்த டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) நன்றாக ஓடும், ஆனால் மே மாத நெரிசலில் மேட்டில் நகர்ந்து நகர்ந்து போனால் சூடாகி எச்சரிக்கை காட்டும். கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகைதான் உங்கள் முழங்காலுக்கும் நம் ரோட்டுக்கும் ஏற்றது. பணம் கொஞ்சம் கூடினாலும் அதையே பாருங்கள்.

மேட்டில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு கட்டாயம் இருக்க வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-ம் ஆண்டு ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது. வெளியூர் வண்டிகள் பலவற்றுக்கு அது தெரியாததால் நாம்தான் நடு மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டி வருகிறது. அப்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் கருகும். பிரேக்கைப் பிடியுங்கள். இறங்கும்போது 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்க வேண்டும், ஆட்டோமேட்டிக்குக்கும் அதே விதிதான்.

கேள்வி: காபியும் மலைவாழையும் ஏற்றிக்கொண்டு வாரத்தில் பல நாள் வத்தலக்குண்டு போய் வருகிறேன். டீசலா, டர்போ பெட்ரோலா?
– விவசாயி, பண்ணைக்காடு

பதில்: உங்களுக்கு டீசல் தம்பி. மேலே போகப் போகக் காற்று லேசாகும். கொடைக்கானல் 2,133 மீட்டர். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டும். ஆனால் 1 லிட்டர் டர்போ பெட்ரோலில் இன்னொரு சங்கடம் உண்டு. வளைவில் இரண்டாம் கியரில் வேகம் குறைந்தால் டர்போ தூங்கிவிடும், முதல் கியருக்குப் போனால் இன்ஜின் அலறும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். கம்பெனிக்காரர்கள் இரண்டாம் கியரைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தால் மலைக்காரர்கள் எல்லாரும் வாழ்த்துவார்கள். டீசல் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும், சுமைக்குத் தாங்கும்.

ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6-க்கு ஏற்ற டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. நீளமாக, சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். உங்களுக்கு வத்தலக்குண்டு வரை ஓட்டம் இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

கேள்வி: நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் மலைக்கு வேண்டும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: தார் ரோட்டில் மட்டும் ஓட்டினால் வேண்டாம். தோட்டத்துக்குள் சேற்றில் இறங்கும் வேலை இருந்தால் மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் மாதிரி வண்டிகளைப் பாருங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் எஸ்.யு.வி. வாங்கினால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுமா?
– வங்கி ஊழியர், குன்னூர்

பதில்: தீராது. ஆனால் சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ வண்டியை 1,900 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் 8 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் அதுவே கால் பங்குக்கு மேல். வழக்கமாக ஓடுவதற்கான செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும், பிரேக்கும் தேயாது.

இதில் ஒன்றை முக்கியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். பழகிய நம்பிக்கையில் வளைவுக்குப் போனால் வேகம் கூடியிருக்கும். அதனால் இறங்கும் நாளில் 80, 85-லேயே நிறுத்துங்கள். இந்த எச்சரிக்கையை வண்டியே திரையில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும், தமிழிலும் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

கேள்வி: நாங்கள் பார்த்த வண்டியில் ஸ்டெப்னியே இல்லை, பஞ்சர் கிட் மட்டும் தருகிறார்கள். போதுமா?
– தொழிற்சாலை ஊழியர், அரவங்காடு

பதில்: போதாது அண்ணா. டியூப் இல்லாத டயரும், பஞ்சர் கிட்டும், டயரில் காற்று குறைந்தால் சொல்லும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் விதி மாறியது. டிக்கி இடமும் எடையும் மிச்சம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆணி குத்தினால் கிட் சரிதான். நம் ரோட்டில் டயர் போவது பெரும்பாலும் பக்கச் சுவர் கிழிந்துதான். மண் சரிந்து விழுந்த கல், உடைந்த தார் விளிம்பு, சிறுபாலத்தின் மூலை, இவற்றில் உரசிக் கிழிந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. போன் சிக்னல் இல்லாத வளைவில் இருட்டிய பிறகு நிற்க வேண்டி வரும்.

ஒல்லி ஸ்டெப்னி தந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம். அதில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும், மலையில் யாரும் அவ்வளவு வேகம் போகப் போவதில்லை. ஈர வளைவில் அதன் பிடிப்பு குறைவு என்பதால் டயர் கடை வரை மெதுவாக ஓட்டினால் போதும். டெலிவரி எடுக்கும் அன்றே ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து ஒரு முறை நீங்களே சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மெஷினில் முறுக்கிய நட்டு கையால் கழலாமல் சதி செய்யும், அதை ஷோரூம் வாசலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வழியில் மாற்ற வேண்டி வந்தால் மற்ற சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் கல் வைத்துவிட்டு ஜாக்கி போடுங்கள்.